அப்புச்சியும் ஒம்பதடிக் குச்சியும்

வா கண்ணு, திண்ணையில உக்காரு. அந்தப் போனை எங்கிட்ட நீட்டாத, எனக்குப் பொடி எழுத்துத் தெரியாது, நீயே படி. காத்தால இருந்து முப்பத்திரண்டு தூண்டில் குச்சி பாத்துட்டயாமா, இன்னும் முடிவாகலையாமா. உங்கம்மாளுக்கு மாப்பளை தேடுனப்பக்கூட நான் நாலு ஜாதகத்துக்கு மேல பொரட்டலை. அதுல வந்தவருதான் உங்கப்பன். சரி, அதை உடு. அவசரப்பட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு ஊட்டுக்குள்ளயே சாட்சி இருக்குது, நீ முப்பத்திரண்டு பாக்கறதுல தப்பில்ல.

டென்வர்ல உன் ஆபீஸ் பசங்க சனிக்கெழமையானா சவுத் பிளாட் ஆத்துக்குப் போறாங்க. தொடை மட்டும் தண்ணியில நின்னுக்கிட்டு கயித்தை ஆகாசத்துல சுத்தறாங்க. நீ மட்டும் கரையில நின்னு அவங்களுக்கு ரொட்டி பிரிச்சுக் குடுக்கற. அந்த வெசனத்தோட லீவுக்கு வந்திருக்கற. வந்த எடத்துல உங்கம்மா, "அப்புச்சியக் கேளு, அவருதான் அவலாஞ்சியில தொரைமாருக்குப் பை தூக்குனவரு"ன்னு போட்டுக் குடுத்துட்டா. பை தூக்குனவனுக்கு என்ன தெரியும்னு நீ நெனைக்கறது மொகத்துலயே தெரியுது. நெனச்சுக்கோ. எந்தத் தொரை மீனோட எறங்குனாரு, எந்தத் தொரை கதையோட எறங்குனாருன்னு பை தூக்கறவனுக்குத்தான் சாமி தெரியும். மீன் கனக்கும், கதை கனக்காது.

ஒண்ணு கேக்கறேன். அஞ்சாம் நம்பர், ஆறாம் நம்பர்னு படிச்சயே, அந்த நம்பர் என்ன? மீனோட எடையா? குச்சியோட எடையா? முழிக்கற. ஆயிரம் டாலருக்குக் குச்சி வெல பேசறவன், அந்தக் காசுல இங்க கறவை மாடு கன்னுக்குட்டியோட வரும், நம்பர் என்னன்னு தெரியாம முழிக்கற. அந்தியூர்ச் சந்தையில துண்டுக்குள்ள கையப் போட்டு வெரலப் புடிச்சு வெல பேசுவாங்க பாத்திருக்கறயா? எந்த வெரல் எத்தனை ரூவான்னு தெரியாதவன் துண்டுக்குள்ள கைய உடக் கூடாது.

சின்ன வயசுல கவண் சுத்தியிருக்கறயல்ல? கல்லு பறக்குது, கயிறு கையில நிக்குது. சாதாரணத் தூண்டில் அந்த ஜாதி. ஈயக்குண்டு முன்னால பறக்குது, தங்கூஸ் நரம்பு அது பொறத்தாண்ட ஓடுது. பூச்சித் தூண்டில் கவண் ஜாதி இல்ல, சாட்டை ஜாதி. முள்ளுல எறகும் நூலும் சுத்தி ஒரு பூச்சி மாதரி பண்ணி வெச்சிருக்கறான், ஊதுனா ஊட்டத் தாண்டிப் போயிரும், அதுக்கு எடையே கெடையாது. எடையில்லாததை எப்படி எறியறது? அதனால கயித்துலயே எடையக் கொண்டு போயி வெச்சான். நீ வீசறது கயித்தை. பூச்சி சும்மா மாட்டு வாலப் புடிச்சுக்கிட்டு ஆத்தைத் தாண்டறவனாட்டம் கூடப் போவுது. இது புரிஞ்சாப் பாதிக் கடை மூடியாச்சு.

அந்த நம்பர் கயித்தோட எடை. நுனியில இருந்து முப்பது அடிய வெட்டித் தராசுல போட்டா என்ன நிக்குதோ, அதுக்கு ஒரு நம்பர். கிரெயின்னு ஒரு அளவு. கிரெயின்னாத் தானியம். நாம குந்துமணி வெச்சு நகை நிறுத்தாப்பல அவனும் நெல்லு கோதுமையில நிறுத்திருக்கறான், என்னமோ பெரிய விஞ்ஞானமாட்டப் பேசறான். நாலாம் நம்பர்னா 120 கிரெயின். நம்ம கணக்குக்குப் பவுனுக்கு ரெண்டு குந்துமணி கொறச்சல். அஞ்சாம் நம்பர் 140 கிரெயின், ஒரு பவுனு ஒரு கிராமு. எட்டாம் நம்பர் பதிமூணரை கிராமுக்குக் கிட்ட. அதாவது கண்ணு, உங்க அமுச்சி தாலிக்கொடியில தொங்கற ஒரு காசுப் பவுனைத்தான் நீ முப்பது அடி நீளத்துக்கு இழுத்து நீட்டி ஆகாசத்துல வீசப் போற. அந்தப் பவுனைத் தூக்கற அளவுக்கு வளையற குச்சி எதுவோ அதுதான் அஞ்சாம் நம்பர்க் குச்சி. மீன் அப்பறம்.

இதுலயும் இப்பத்த வியாபாரிக கைய வெச்சுட்டாங்க. வெறைச்ச குச்சியச் செஞ்சு வெச்சுட்டு, அது வளையறதில்லைன்னு ஆளுக வந்து அழுததும், அதுக்குத் தோதா அரை நம்பர் கூடுதலா எடை போட்ட கயித்தை விக்கறானுக. அட்டையில அஞ்சுன்னு போட்டிருக்கும், தராசுல அஞ்சரை நிக்கும். கூட நிறுத்துக் குடுக்கற வியாபாரிய நான் இங்கதான் பாக்கறேன். அதனால குச்சிய மட்டும் வாங்கிட்டுக் கயித்தை வேற எடத்துல மலிவா வாங்கலாம்னு உன் கணக்கு இருந்தா, அந்தக் கணக்கைத் திண்ணையிலயே வெச்சுட்டுப் போ. காசு கொறைக்கறதுன்னாக் குச்சியில கொறை, கயித்துல கொறைக்காத. ரீலுக்கும் கொட்டிக் குடுக்காத. சின்ன டிரவுட் மீனுக்கு ரீலுங்கறது கயிறு சுத்தி வெக்கற டப்பா. கடல் மீனுக்குப் போறப்ப அதப் பத்திப் பேசுவோம், நீ போக மாட்ட.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்ங்கறயா? எங்கப்பாரு காரமடையில இருந்து மேல ஏறுனதே குந்தா அணை வேலைக்குத்தான். கொழும்புத் திட்டம்னு ஒண்ணு, அதுல கனடாக்காரன் காசும் மிசினும் ஆளும் குடுத்தான். எமரால்டுலயும் அவலாஞ்சியிலயும் கல்லு ஒடைக்கற சத்தம் பகலெல்லாம். எனக்குப் பன்னெண்டோ பதிமூணோ. கூலி வேலைக்கு எளசு, பள்ளிக்கொடத்துக்கு முத்தல். அதனால தொரைமாருக்குப் பை தூக்கப் போனேன்.

அங்க டிரவுட் வந்த கதையே பெரிய கதை. மெட்ராஸ் பட்டாளத்து டாக்டரு பிரான்சிஸ் டேன்னு ஒருத்தரு, 1860-கள்லயே முட்டை கொண்டாந்து பாத்தாரு, தங்கலை. மீன் தங்கறதுக்கு முன்னாலயே 1879-ல சட்டம் போட்டுட்டாங்க, நீலகிரி வேட்டையும் மீனும் காக்கற சட்டம். தொட்டில் வாங்கறதுக்கு முன்னாலயே காது குத்துக்கு நாள் பாத்தாப்பல. அப்பறம் எச்.சி.வில்சன் வந்துதான் 1907-ல அவலாஞ்சியில குஞ்சு பொரிக்கற தொட்டி கட்டி ஒரு வழிக்குக் கொண்டாந்தாரு. தங்குனது ரெயின்போ டிரவுட். அதோட சொந்த ஊரு அமெரிக்காவுல பசிபிக் கடலுக்கு ஓடற ஆறுக. உங்க கொலராடோவுலகூட அது பொறந்த மீனில்லையாமா. அங்கத்த மண்ணு மீன் கட்த்ரோட்டுன்னு, தொண்டையில செவப்புக் கீத்து இருக்குமாமா. ரெயின்போவைக் கொண்டாந்து உட்டிருக்கறான். அப்ப அது எங்க மலையிலயும் ஒறம்பரை, உங்க மலையிலயும் ஒறம்பரை. உன்னாட்டம் பொழைக்க வந்தது. பாத்துப் புடி.

எங்க தொரைமாருல ரெண்டு பேரு. ஒருத்தரு அணைக்கு வந்த கனடா இஞ்சினியரு. ஆறடி ஆளு, கண்ணாடி நார்க் குச்சி, அப்ப அதுதான் புதுசு, பளபளன்னு மஞ்சளா இருக்கும். இன்னொருத்தரு வெலிங்டன் பக்கமிருந்து வர்ற கர்னல், ரிட்டையரானவரு, மூங்கக் குச்சி, எட்டரை அடி, ரெண்டு துண்டு. அவரு பங்களாவுல மேசையிலயே 'தி ராட் இன் இந்தியா' கெடக்கும். மெட்ராஸ் சிவில் சர்வீஸ் எச்.எஸ்.தாமஸ் எழுதி 1873-ல மங்களூர்ல அச்சடிச்ச புஸ்தகம். கர்னல் அதப் படிச்சு நான் பாத்ததில்ல, அது மேல டீ கப்பை வெச்சுத்தான் பாத்திருக்கறேன்.

ஒரு நாள் ரெண்டு பேரும் ஒரே ஓடையில. மேகம் எறங்கி நிக்குது, காட்டுப் பூவரசு செவசெவன்னு பூத்து ஓடைக்கு மேல சாஞ்சிருக்குது. இஞ்சினியரு வந்தாரு, செருப்பளவு தண்ணியில எறங்கி முழங்கால் தண்ணிக்குப் போயி, அங்க இருந்து எதுத்த கரைக்கு வீசறாரு. அறுவது அடி, எழுவது அடி. பாக்க அப்படியொரு அழகு. கைதட்டலாம்னு இருந்துச்சு. கர்னல் எறங்கவேயில்ல. கரையில முட்டி போட்டு உக்காந்து, நம்மூர்ல வரப்புல எலி புடிக்கறவனாட்டம், இருவது அடி கயித்தை உட்டாரு. இஞ்சினியரு நின்ன தண்ணியிலதான் மீன் நின்னுட்டிருந்துச்சு. அவரு எறங்குனதுமே அது ஓடிப் போயிருச்சு. மீன் நின்ன எடத்துல இவரு நின்னுக்கிட்டு, எதுத்த கரையில மீனைத் தேடறாரு. சாயங்காலம் கர்னல் பையில மூணு. இஞ்சினியர் பையில ஈரக் காலுறை.

எழுவது அடி வீசற குச்சி வேணும்ங்கற நெனப்பு உனக்கும் இருக்குது, மறைக்காத. உன் போன்ல ஒரு படத்துல ஒருத்தன் மேகத்துல சுருக்குப் போடறாப்பல வீசறான், அதைத்தான் மறுக்கா மறுக்காத் தள்ளித் தள்ளிப் பாத்த. ஓடை டிரவுட்டுல பெரும்பாலும் நாப்பது அடிக்குள்ள மாட்டறதுதான். எழுவது அடியில வீசறது மீனுக்கில்ல, எதுத்த கரையில நிக்கறவனுக்கு.

அதனால நீளம் சொல்லீர்றேன். ஒம்பதடி. பொதுவுக்கு அதுதான், உனக்கு அஞ்சாம் நம்பர். மலைமேல புதருக்குள்ள ஓடற சின்ன ஓடைக்குன்னாத்தான் ஏழு, ஏழரை அடி, மூணாம் நம்பர். ஏன்னா பின்னால வீசற எடத்துல மரம் இருந்தா நீ மீன் புடிக்கறதில்ல, எலை புடிக்கற. பத்தடியில மூணாம் நம்பர் ஒண்ணு காட்டுனயே, அது போலந்து, செக்கு நாட்டு ஆளுக போட்டியில கண்டுபுடிச்ச வித்தை, அடியில உருள்ற பூச்சிக்கு. ஸ்காட்லாந்துல சால்மனுக்கு ரெண்டு கையிலயும் புடிக்கற பதினஞ்சு அடிக் குச்சி வேற இருக்குது. அதெல்லாம் கலியாணம் ஆனதுக்கப்பறம் எடுக்கற நகை. மொதல்ல தாலி.

இனி வளைவு. இங்கதான் நீ நெம்பக் கொழம்பியிருக்கற. "ஃபாஸ்ட், மீடியம், ஸ்லோ"ன்னு மூணு. வேகமான குச்சின்னா நுனியில மட்டும் வளையறது. மெதுவான குச்சின்னாப் புடி வரைக்கும் வளையறது. அதுல ஃபாஸ்டுன்னு போட்டிருக்கறதையெல்லாம் தனியாக் குறிச்சு வெச்சிருக்கற. ஏன்? காரு வாங்கறயா? கண்ணபுரம் சந்தைக்கு நீ வந்ததில்ல. காங்கேயங் காளையில துள்ளுன காளைய ரேக்ளாக்காரன் வாங்குவான், அவன் கையி பழகுன கையி. மொத மொதல்ல வண்டி கட்டறவன் அதை வாங்குனா ரெண்டாம் நாள் வண்டி கெணத்துல கெடக்கும். வெறைச்ச குச்சி காத்தைக் கிழிக்கும், தூரம் போவும், ஒத்துக்கறேன். ஆனா நீ அரை நொடி தப்புப் பண்ணுனாலும் மன்னிக்காது. நெம்ப வளையற குச்சி கிட்டத்துக்கு நல்லது, மயிராட்டம் மெல்லிசு நரம்பு கட்டியிருந்தாலும் மீன் திமுறப்ப அந்துக்காம பாத்துக்கும். ஆனா காத்தடிச்சா நாணலாட்டம் நிக்கும். உனக்கு நடுவுல ஒண்ணு, ரெண்டு பல் போட்ட எருதாட்டம், சொன்னாக் கேக்கோணும், அடங்கியும் போகக் கூடாது.

அதைப் பாக்கறதுக்குக் கடையில எல்லாரும் ஒரு கூத்து பண்ணுவாங்க. குச்சியக் கையில எடுத்து வெடுக்கு வெடுக்குன்னு ஆட்டுவாங்க, அப்பறம் நுனிய உத்தரத்துல முட்டுக் குடுத்து அமுக்கி, "ம்ம்... நல்லாருக்கு"ம்பாங்க. என்ன நல்லாருக்கு? கயிறில்லாத குச்சி மாடில்லாத வண்டி. கடைக்காரங்கிட்ட, "இதுல கயித்தை மாட்டுங்க, பொறத்தாண்ட புல்லுல நாலு வீச்சு வீசிப் பாத்துட்டு வர்றேன்"னு சொல்லு. நல்ல கடைக்காரன் கூடவே வருவான். வராதவன் கடையில தண்ணி குடிச்சுட்டு வந்துரு.

வீசறதுக்கும் சொல்லித் தந்தர்றேன், அங்க போயி மானத்தை வாங்காத. கட்டை வெரல் புடிக்கு மேல, நீட்டி. சாட்டை புடிக்கறாப்பல சுத்திப் புடிக்காத. கடியாரத்துல ரெண்டு மணிக்குப் பின்னால கொண்டு போயி நிறுத்து. நிறுத்துன்னா நிறுத்து. பின்னால கயிறு நீளமா விரியற வரைக்கும் சும்மா இரு. எவ்வளவு நேரம்ங்கற? வாயில இருக்கற வெத்தலை எச்சிய முழுங்கற நேரம். அப்பறம் முன்னால பத்து மணிக்கு. கர்னல் எனக்கு இவ்வளவுதான் சொன்னாரு, அதையும் எனக்குச் சொல்லலை, அவரு கூட்டியாந்த ஒரு மேஜருக்குச் சொன்னாரு. அந்த மேஜரு பொறுமையில்லாத ஆளு. கயிறு விரியறதுக்கு முன்னாலயே முன்னால இழுப்பாரு, பின்னால "பட்டு"ன்னு ஒரு வெடி கேக்கும். அவரு அதக் கேட்டுச் சிரிப்பாரு, நல்லா வீசிட்டோம்னு. ரேக்ளாவுல சாட்டை வெடிச்சா எருது ஓடும். இதுல வெடிச்சா பூச்சி அந்து போச்சுன்னு அர்த்தம். மத்தியானம் வரைக்கும் வெறும் நரம்பைத் தண்ணியில போட்டு எடுத்துட்டிருந்தாரு. நான் சொல்லலாம்தான். கூலி பேசுனது பை தூக்கறதுக்கு.

அந்தப் பூச்சிகள நான் பொறுக்கி வெச்சுக்குவேன். சிலதுல நம்ம காட்டுச் சேவல் கழுத்து எறகு இருக்கும். மஞ்ச மெழுகு சொட்டுனாப்பல புள்ளி புள்ளியா. உலகம் பூரா இந்தப் பூச்சி கட்டற ஆளுக அதுக்கு அலைவாங்க. இப்ப அதை வேட்டையாடறதும் தப்பு, வெளிய அனுப்பறதும் தப்பு. ஆயிரத்து எண்ணூறு வருசத்துக்கு முன்னால ஏலியன்னு ஒரு ரோமாபுரிக்காரன் எழுதி வெச்சிருக்கறானாமா: மாசிடோனியாவுல ஒரு ஆத்துல செவப்புக் கம்பளி நூலச் சுத்தி, மெழுகு நெறத்துல சேவல் எறகு ரெண்டு வெச்சு மீன் புடிச்சாங்கன்னு. கர்னல் ராத்திரி நெருப்பு போட்டு உக்காந்தாருன்னா இந்தக் கதைதான். குச்சி ஆறடி, கயிறு ஆறடி, அவ்வளவுதானாமா. ரீலில்ல, நம்பரில்ல, உன்னாட்டம் முப்பத்திரண்டு ஜாதகமும் இல்ல. புடிச்சிருக்கறான்.

மூங்கக் குச்சி வாங்கலாமான்னு கேட்டயே, அதுக்கு ஆசைப்படறது எனக்குச் சந்தோசந்தான், ஆனா வேண்டாம். வெல ஒரு பக்கம், அதுக்கு ஊழியம் ஒரு பக்கம். அது முழு மூங்கலில்ல கண்ணு. மூங்கலைப் பிளந்து, ஒவ்வொரு பட்டையையும் முக்கோணமா இழைச்சு, ஆறு பட்டைய ஒண்ணா ஒட்டுவாங்க. குறுக்க வெட்டுனா ஆறு மூலை. மூங்கலுக்குப் பலமெல்லாம் தோலுக்கு அடியில இருக்கற நாருலதான். அந்த நார் வெளிப்பக்கமா வர்ற மாதரி ஆறையும் கூட்டறது. முன்னால நம்ம கல் மூங்கலைத்தான் கொண்டு போயிருக்கறாங்க, கல்கத்தா மூங்கில்னு பேரு, பல நேரம் தீ சுட்ட கறையோட இருக்குமாமா. அப்பறம் டோங்கின் மூங்கில் வந்து அதை ஓரங்கட்டிருச்சு. பேரு டோங்கின்னு வியட்நாம் பேரு. வெளையறது சீனாவுல குவாங்டாங்ல. பெங்களூர்க் கத்திரிக்கா பெங்களூர்லயா பொறந்துச்சு, அந்தக் கதைதான். மெக்ளூர்னு ஒரு அமெரிக்காக்காரரு அங்கயே கெடந்து மூங்கலைப் படிச்சவரு, 1931-ல அதுக்கு அமாபிலிஸ்னு பேரு வெச்சாராமா. லத்தீன்ல ஆசைக்குரியதுன்னு அர்த்தம். 1950-ல அமெரிக்கா சீனாக்காரங்கிட்ட யாவாரத்தையே நிறுத்திருச்சு, மூங்கல் கெடைக்கலை, கண்ணாடி நாருக்காரன் பொழைச்சுக்கிட்டான். எழுவதுகள்ல கார்பன் வந்து அவனையும் தள்ளி உட்டுருச்சு.

அந்த ஊழியம் என்னன்னு சொல்றேன். கர்னலுது பட்டுக் கயிறு, சாயங்காலம் ஆனா ரீல்ல இருந்து அதை உருவி ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டிக் காயப் போடோணும், ஈரமா உட்டா இத்துப் போவும். காத்தால மறுபடியும் பசை தடவோணும், இல்லீன்னா மிதக்காது. குச்சியோட பூட்டு வெள்ளி மாதரி இருக்கும். அதை மாட்டறதுக்கு முன்னால கர்னல் என்ன பண்ணுவாருன்னா, ஆண் பூட்டை எடுத்து மூக்கோரத்துல ஒரு தேய்ப்பு. மூக்குல இருக்கற எண்ணெய்ப் பசையே போதும். எனக்கு எண்ணெய் வழியற மூஞ்சி, அதனால சில நாள் எம்மூக்குல தேய்ச்சுக்குவாரு. ஆளுக்கு அதிகாரத்தைப் பாரு. உன் கார்பன் குச்சிக்கு அது வேண்டாம், வெள்ளை மெழுகுவத்திய லேசா ஒரு தேய்ப்பு. நாலு துண்டாப் பிரியறதா வாங்கு, விமானத்துல கையோட வரும். மாட்டறப்ப வளையமெல்லாம் ஒரே நேருல இருக்குதான்னு ஒத்தக் கண்ண மூடிப் பாரு. ஆத்துல அடிக்கடி பூட்டைத் தொட்டுப் பாரு, வீச வீசத் தானா நெகிழும். நெகிழ்ந்தது தெரியாம வீசுனா நுனித்துண்டு மீனப் பாக்கப் போயிரும்.

பூட்டு இறுகிக்கிட்டா முறுக்காத. குச்சிய ரெண்டு முழங்காலுக்குப் பின்னால வெச்சு, முழங்காலுக்கு வெளிப்பக்கம் ரெண்டு கையிலயும் புடிச்சு, குந்துனாப்பல உக்காந்து மெதுவா முழங்காலை விரி. நேரா இழுபட்டுக் கழண்டுக்கும். ஆளு இருக்கற எடத்துல பண்ணாத, வேற எதுக்கோ உக்காந்திருக்கறன்னு நெனச்சுக்குவாங்க. மேஜரு ஒருக்கா அப்படி உக்காந்தப்ப எமரால்டுல இருந்து வந்த பொம்பளைக கூட்டம் முழுக்க மொகத்தைத் திருப்பிக்கிட்டுப் போச்சு.

புடியையும் பாத்து வாங்கு. தக்கை, போர்ச்சுகல்ல இருந்து வர்றது. நல்ல தக்கையில குழி கொறச்சலா இருக்கும். மட்டமானதுல குழியெல்லாம் மாவு போட்டு அடைச்சுப் பூசியிருப்பான், நம்ம சந்தையில மாட்டுக் கொம்பு சீவி எண்ணெய் தடவி வயசக் கொறைக்கறானே, அதே வேலை. ரெண்டு மாசம் தண்ணியில நனைஞ்சா மாவு உதிர்ந்து அம்மை வடு தெரியும்.

அப்பறம் அந்த ஆயுசு கேரண்டி. ஒடஞ்சாப் புதுசு தர்றானாம், அதுக்குத்தான் இத்தனை வெலையாம். எது ஒடைக்கும்னு உனக்குத் தெரியுமா? மீன்ங்கற. சாமி, மீன் ஒடைச்ச குச்சி ஒண்ணோ ரெண்டோ. மிச்சமெல்லாம் காருக் கதவு, ஊட்டுக்குள்ள சுத்தற சீலிங் ஃபேனு, அப்பறம் குச்சியத் தரையில வெச்சுட்டு போட்டோ எடுக்கறவன் காலு. இத்தனையும் கேரண்டிக்கு முன்னாலயே கணக்குப் போட்டு வெலையில சேத்தீருப்பான். நீ இன்னொருத்தன் கதவுல நசுக்குன குச்சிக்கும் சேத்துத்தான் காசு குடுக்கற.

இது விளையாட்டில்ல, இதை மட்டும் கேட்டுக்கோ. கார்பன் கரண்டைக் கடத்தும். கரண்டு கம்பிக்குக் கீழ குச்சிய நிமித்தாத. உங்க மலையில மத்தியானத்துக்கு மேல இடி எறங்கும்ங்கற; எறங்குச்சுன்னா மீன் மாட்டியிருந்தாலும் சரி, குச்சியக் கீழ போட்டுட்டு வந்துரு. குந்தாவுல நான் கரண்டு பாத்தவன்.

நீங்க எந்தக் குச்சியில புடிச்சீங்க அப்புச்சின்னு கேக்கறயா? லைசென்ஸ் தொரைமாருக்குத்தான கண்ணு. நான் பை தூக்கறவன். தொரைமாரு மத்தியானம் தூங்குவாங்க. ஓடையோரத்துல நாணலாட்டம் ஒரு பொடி மூங்கலு வெட்டி, மேஜரு உட்டுட்டுப் போன பூச்சிய நாலு முழ நரம்புல கட்டி, காத்து வர்றப்பத் தண்ணிய ஒரசற மாதரி ஆட்டிக்கிட்டு இருப்பேன். இதுக்கு மேல கேக்காத, லைசென்ஸ் குடுக்கற ஆபீசுல இன்னும் யாராச்சும் கணக்கு வெச்சிருந்தா என்ன பண்றது.

கர்னல் குச்சிதான் எனக்குக் கடைசியில வந்துச்சு. அவரு அதை மூணு வருசம் என்னயவே தொட உடலை, கொழந்தையாட்டம் துணியில சுத்தி வெப்பாரு. ஒரு நாள் மழையில அவசர அவசரமா ஜீப்புல ஏறி, கதவை அவரே சாத்துனாரு. நுனித்துண்டு ரெண்டாப் போச்சு. அப்ப அந்நியச் செலாவணி கெடுபிடி, சீமையில இருந்து நுனி வரவழைக்க முடியலை. நாலேகால் அடி அடித்துண்டு மிச்சம். குடுத்தாரா, எடுத்துக்கிட்டனான்னு ஆராய்ச்சி பண்ணாத.

அட்டாலியில இருக்குதான்னு பாக்கறயா? அங்க இல்ல. அதா, உங்க அமுச்சி கையில பாரு. மேலுக்குத் துணி கட்டியிருக்கறா. கிட்டப் போயிப் பாரு, ஆறு பட்டையும் சேந்த கோடு தெரியும், வளையத்தைக் கட்டுன பட்டு நூலுகூடப் பச்சையா ஒரு எடத்துல மிச்சமிருக்குது. நாப்பது வருசமா இந்த ஊட்டு ஒட்டடை பூரா அதுலதான். எந்தத் தொரையும் சொல்லித் தரலை, கட்டை வெரலை எங்க வெச்சிருக்கறா பாரு, புடிக்கு மேல, நீட்டி.

என்ன அமுச்சி முணுமுணுக்கறாங்கற? அந்தக் கெழக்கு மூலையில ஒரு நூலாம்படை எட்டமாட்டீங்குதாமா. பேரன் வாங்கறதே வாங்கறான், ரெண்டா வாங்கிட்டு வரச் சொல்லுங்கங்கறா. ஒம்பதடின்னா அவளுக்கும் சரியா இருக்குமாமா.